தபரேஸின் வெள்ளை போர்டு வண்டி

ஜோலார்பேட்டை ரயில் நிலையத்து வாசலில் ஐசக் பதினாறு வருடங்களாக வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் போர்டு, பர்மிட், வரி, காலம் தவறாத எஃப்.சி. தகுதிச் சான்று என்று அவருடைய வண்டியில் எல்லாம் சரியாக இருக்கும். சனி, ஞாயிறுகளில் ஏலகிரி மலைக்குப் போக பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களை நம்பித்தான் அந்த ஸ்டாண்டின் ஒன்பது வண்டிகளும் ஓடின.

நான்கைந்து வருடங்களாக அந்தப் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த வெள்ளை போர்டு கார்களை வைத்துக்கொண்டு கண்டவர்களும் சவாரி அடிக்க ஆரம்பித்தார்கள். வரி இல்லை, பர்மிட் இல்லை, வண்டியைப் பரிசோதிக்க ஆள் இல்லை. அதனால் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டாலும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ரயில் நிற்பதற்குள் பிளாட்பாரத்துக்கே போய் ஆட்களைக் கூட்டி வந்துவிடுவார்கள். எப்போதாவது செக்கிங் வரும். வருவதற்கு அரை மணி முன்னால் வெள்ளை போர்டுகள் அத்தனையும் காணாமல் போயிருக்கும். அதிகாரிகள் மஞ்சள் போர்டு வண்டிகளின் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஐசக் மனு போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை வரிசையில் நின்று, வண்டி எண்களைப் பட்டியலிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தங்கள் மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வரும். நான்கு வருடத்தில் அதே வரி பதினொரு கடிதங்களில் வந்திருந்தது.

அந்தப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது தபரேஸ் ஓட்டிய வண்டியின் எண்.

தபரேஸுக்கு முப்பத்தொரு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். ஆர்டர் குறைந்து அவன் இருந்த லைனையே மூடிவிட்டார்கள். மனைவி சஹரின் அண்ணன் தன்னுடைய பழைய காரைக் கொடுத்து, ஓட்டி வருவதில் பாதியைத் தா என்றான். பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பதை மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, குடியாத்தத்திலிருந்து வந்த ரயிலில் ஒரு தாயும் மகளும் இறங்கினார்கள். மகள் பூர்ணிமா, பள்ளிக்கூட ஆசிரியை. தாய் பங்கஜத்துக்கு அறுபத்திரண்டு வயது. வீட்டில் லுங்கித் தறி. பாவும் தாருமாகவே காலம் போய்விட்டது. ஏலகிரியை ரயிலிலிருந்து பார்த்ததோடு சரி. ஒரு தடவை மேலே போய்ப் பார்க்கணும் என்று அவள் எப்போதோ சொன்னதை மகள் நினைவில் வைத்திருந்தாள்.

ஐசக் அவர்களை எதிர்கொண்டு, "மலைக்கா டீச்சர்? போக வர, வெயிட்டிங்கோட ஆயிரத்தெட்நூறு" என்றார். டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ, பூர்ணிமா சிரித்துவிட்டாள்.

"அக்கா, ஆயிரத்து முந்நூறு குடுங்க, போதும்" என்று பின்னாலிருந்து தபரேஸ் சொன்னான்.

ஐசக் திரும்பினார். "யோவ், நான் பேசிட்டிருக்கறது தெரியல? இன்னா பாய் இது, மனுஷன் வயித்துல அடிக்கிற வேலை?"

"எனக்கும் வயிறு இருக்குண்ணா."

"உன் வண்டி நம்பரு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிருக்கு. தெரியுமா?"

"போவட்டும்ணா. கலெக்டர் எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்தாருன்னா இன்னிக்கே வண்டிய நிறுத்திடறேன்."

ஸ்டாண்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐசக்குக்கு முகம் சிவந்துவிட்டது. பூர்ணிமா இரண்டு வண்டிகளையும் பார்த்தாள். எது மஞ்சள், எது வெள்ளை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஐந்நூறு ரூபாய் ஐந்நூறு ரூபாய்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தபரேஸின் வண்டியில் ஏறினாள். கதவைச் சாத்துவதற்குள் தபரேஸ், "அக்கா, வழியில யாராவது நிறுத்திக் கேட்டா, தெரிஞ்சவங்கன்னு சொல்லிடுங்க" என்றான். அவள் தலையாட்டினாள். யாரும் நிறுத்தவில்லை.

ஐசக்குக்கு ஒரு மணி நேரம் கழித்து பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடி கிடைத்தது. மலையில் சுற்றிக் காட்டிவிட்டு, மாலை நான்கு மணிக்கு இறங்க ஆரம்பித்தார்.

அந்த மலையில் பதினான்கு வளைவுகள். பன்னிரண்டாவது வளைவில் திரும்பும்போது முன்னால் தபரேஸின் வண்டி போவதைப் பார்த்தார். பின் கண்ணாடி வழியாகப் பங்கஜத்தின் நரைத்த கொண்டை தெரிந்தது. அந்த வண்டியின் பிரேக் விளக்கு அணையவே இல்லை. கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறான் என்று ஐசக்குக்குப் புரிந்தது. பத்தாவது வளைவுக்கு வந்தபோது கருகல் வாசனை அடித்தது.

"இன்னா சார் ஸ்மெல்லு?" என்று பின்னால் இருந்த பையன் கேட்டான்.

"முன்னாடி போற வண்டி. பிரேக் சூடாயிருக்குது."

ஐசக் ஹாரன் அடித்தார். தபரேஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போய்யா என்பதுபோல் வீசினான். ஐசக் மறுபடியும் நீளமாக அடித்தார். காலையில் போட்ட சண்டையை மலையிலும் தொடர்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, தபரேஸ் வேகத்தைக் கூட்டினான்.

எட்டாவது வளைவுக்குக் கீழே சாலை கொஞ்சம் நேராகவும் அகலமாகவும் இருக்கும். அங்கே முந்திப் போய்க் கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். ஐசக் அதை நினைத்தார். சொன்னா கேக்கற ஆளா இவன் என்றும் நினைத்தார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, வேண்டுமென்றே பின்தங்கினார். முன் வண்டி வளைவில் மறைந்தது.

ஐந்தாவது வளைவில் திரும்பியபோது அது நின்றுகொண்டிருந்தது. மலைப் பக்கத்து ஓடையில் முன்சக்கரம் இறங்கி, பாறையில் மூக்கு நசுங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அதற்கப்பால் பள்ளம். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்த அந்த ஒரு நொடியில் தபரேஸ் ஸ்டீயரிங்கைப் பாறைப் பக்கமாக ஒடித்திருக்கிறான். அதைப் பார்த்ததும் ஐசக்குக்குத் தெரிந்துவிட்டது. மூன்று பேரும் உயிரோடு இருப்பது அதனால்தான்.

பூர்ணிமாவுக்குக் கையில் சிராய்ப்பு. தபரேஸின் நெற்றி கிழிந்திருந்தது. பங்கஜம் முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே சரிந்து, வலது காலை அசைக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். மேலே வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். பெங்களூர் ஜோடி தாங்களாகவே இறங்கிக்கொண்டு, "நீங்க இவங்கள கூட்டிட்டுப் போங்க சார், நாங்க வேற வண்டி பாத்துக்கறோம்" என்றார்கள். அந்தப் பெண் தன் சால்வையையும் கொடுத்தாள்.

நான்கு பேராகத் தூக்கிப் பங்கஜத்தை ஐசக்கின் பின் இருக்கையில் கிடத்தினார்கள். தலைமாட்டில் பூர்ணிமா. கால்மாட்டில் தபரேஸ் வண்டியின் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான். ஒவ்வொரு வளைவிலும் அவன் உடம்பு இடித்தது. ஏந்திய கால் மட்டும் ஆடவில்லை.

"தம்பி, உன் நெத்தில ரத்தம் ஒழுவுது பாரு. தொடைச்சிக்கோ" என்றாள் பங்கஜம்.

"பரவால்லம்மா. கையெடுத்தா உங்களுக்கு வலிக்கும்."

அடிவாரத்துக்கு வந்த பிறகு அவன் தணிந்த குரலில் பேசினான். "ஐசக்கண்ணா, போலீஸ் கேட்டா வாடகைன்னு சொல்லாதீங்க. தெரிஞ்சவங்கள கூட்டிட்டுப் போனான்னு சொல்லுங்க. வாடகைன்னா இன்சூரன்ஸ்காரன் கை விரிச்சிடுவான். அம்மாவுக்கும் ஒண்ணும் கெடைக்காது, என் மச்சானும் தொலைஞ்சான்."

ஐசக் ஆஸ்பத்திரிச் சாலைக்கு வண்டியைத் திருப்பினார். கண்ணாடியில் பார்த்தபோது பூர்ணிமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேலூருக்குக் கொண்டு போவது நல்லது என்றார்கள். ஆம்புலன்சுக்குக் காத்திருந்தபோது ஏட்டு அரங்கநாதன் வந்தார். அந்தப் பக்கத்தில் யார் என்ன வண்டி ஓட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"ஐசக்கு, நீதான் பின்னாடி வந்தியா? ஃப்ரெண்டு ஃபேமிலிய கூட்டிட்டுப் போனான், பிரேக் ஃபெயிலியர். இப்டி எழுதிக்கட்டா?"

"ஃப்ரெண்டுன்னு யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லல. எப்பவும் அப்டிதான எழுதறது? எல்லாருக்கும் நல்லது."

நான்கு வருடமாக மனு போட்ட ஐசக்குக்கு, அந்த மனுக்கள் எங்கே போய்த் தங்கின என்பது அந்த இடத்தில் விளங்கியது. யாரோ ஒருவர் கெட்ட எண்ணத்தோடு அவற்றைக் கிழித்துப் போட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. எல்லாருக்கும் நல்லது என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எட்டாவது வளைவில் அவரும் அதைத்தான் செய்தார்.

"நாளைக்கு வந்து நானே எழுதிக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மனைவி லில்லி தட்டில் இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். வாசனை அடித்ததையும், பின்தங்கியதையும் கடைசியில் சொன்னார்.

"நீங்க நிறுத்தச் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பானா?" என்று லில்லி கேட்டாள்.

"தெரியல. முந்திப் போயி குறுக்க நின்னிருந்தா நிறுத்தித்தான ஆவணும்."

"அப்ப இத என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? யாருக்குக் காலு ஒடைஞ்சிதோ அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் அவள். கடுமையாகச் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டுக்கு வெளியே நடைபாதையில் தபரேஸ் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் தையல், அதே ரத்தக்கறைச் சட்டை. ராத்திரியே வந்துவிட்டானாம். பூர்ணிமா கையில் மருந்துச் சீட்டோடு நின்றிருந்தாள். அம்மாவுக்கு மறுநாள் ஆபரேஷன் என்றாள்.

"ஏட்டு எனக்கும் போன் பண்ணாருண்ணா" என்றாள். "தெரிஞ்சவங்கன்னு சொல்லிடுங்கம்மா, க்ளைம் ஈசியா கெடைக்கும்ன்றாரு. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். தெரிஞ்சவங்கன்னா எப்படித் தெரியும்னு கேப்பாங்க இல்ல? நாங்க குடியாத்தத்துல தறி போட்டவங்க. இவரு ஆம்பூரு. இவரு எனக்கு இன்னா முறை? எங்க பழக்கம்? மூணு வருஷம் கழிச்சி கோர்ட்ல கேட்டாலும் அதே பொய்ய மாறாம சொல்லணும். எங்கம்மாவால முடியாதுண்ணா. மொத கேள்விலயே, ஐந்நூறு ரூபா கம்மின்னு ஏறினோம்யான்னு சொல்லிடுவாங்க."

தபரேஸ் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது.

"வண்டிய பாத்துட்டுதான் ஏறினேன்" என்று பூர்ணிமா தொடர்ந்தாள். "எனக்கும் இதுல பங்கு இருக்கு. நடந்ததத்தான் சொல்லப் போறேன். தபரேஸ் தம்பி, கோச்சிக்காதீங்க."

ஐசக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டீச்சர், நானும் ஒண்ணு சொல்லணும். பத்தாவது வளைவுலயே எனக்கு பிரேக் கருகற வாசனை வந்துடுச்சி. ரெண்டு தடவ ஹாரன் அடிச்சேன். எட்டாவது வளைவாண்ட முந்திப் போயி நிறுத்தியிருக்கலாம். காலைல போட்ட சண்டை மனசுல இருந்துச்சி. போவட்டும்னு விட்டுட்டேன். உள்ள அம்மா இருக்கறது தெரிஞ்சும் விட்டுட்டேன்."

பூர்ணிமா மருந்துச் சீட்டை இரண்டாக மடித்தாள். "வண்டில தூக்கிப் போட்டுட்டு வந்ததும் நீங்கதான்" என்றாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. மருந்து வாங்கப் போய்விட்டாள்.

தபரேஸ் எழுந்து நின்றான். "வாசனை வந்துச்சா உங்களுக்கு?" என்று கேட்டான். ஐசக் ஆமென்று தலையசைத்தார். அவன் படியிறங்கிப் போனான். 

அன்று மதியமே ஐசக் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். வாடகை சவாரி என்று எழுதினார். ஹாரன் அடித்ததையும் அதன் பிறகு தான் பின்தங்கியதையும் எழுதினார். அரங்கநாதன் படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு? நீ என்ன அக்யூஸ்டா?" என்று கடைசிப் பத்தியை விட்டுவிட்டு நகல் எடுக்கப் பார்த்தார். ஐசக், "இருக்கட்டும் சார். மனு மாதிரி இதையும் பாதில நிறுத்தாதீங்க" என்றார். ஏட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, முழுசாகவே சேர்த்துக்கொண்டார்.

விபத்துச் செய்தி பேப்பரில் வந்தது. உடனே சோதனை தொடங்கியது. பதினொரு நாட்கள் அடிவாரத்தில் ஜீப் நின்றது. ஏழு வெள்ளை போர்டு வண்டிகளைப் பிடித்தார்கள். ஸ்டாண்டில் இருந்தவர்கள் ஐசக்குக்கு டீ வாங்கிக் கொடுத்து, "ஜெயிச்சிட்டண்ணா" என்றார்கள். அவர் அந்த டீயைக் குடித்தார். ருசி தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் ஜீப் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் இரண்டு வெள்ளை போர்டுகள் பழைய இடத்தில் வந்து நின்றன. அடுத்த வாரம் ஐந்து.

தபரேஸின் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினார்கள். நினைத்தபடியே இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தது. பூர்ணிமா வழக்குப் போட்டாள். முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்று கோர்ட் சொல்ல வாய்ப்பிருக்கிறது, ஆனால் நாளாகும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். சஹரின் அண்ணன் நசுங்கிய காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அதை ஆபரேஷன் செலவுக்குக் கொடுத்தான். மனமில்லாமல்தான் கொடுத்தான். தங்கை சஹர் இரண்டு நாள் அவன் வீட்டிலேயே உட்கார்ந்து வாங்கினாள் என்று பிறகு தெரியவந்தது. தபரேஸ் ஒரு ஷூ கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தான். வாரத்தில் நான்கு நாள்தான் வேலை.

பங்கஜம் ஏப்ரலில் வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். செக்கப்புக்கு வேலூர் போகும்போதெல்லாம் ஐசக்தான் குடியாத்தம் போய் அழைத்துக்கொண்டு வந்தார். டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். ஒருமுறை வழியில் பங்கஜம், "அந்தப் பையன் எப்டி இருக்கறான்? நான் நடக்கறத அவன் பாக்கலியே" என்று கேட்டாள். 

அந்த வாரமே ஐசக் ஆம்பூர் போய் தபரேஸின் வீட்டைக் கண்டுபிடித்தார். சஹர் கதவைத் திறந்தாள். பெயரைச் சொன்னதும் அவள் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே உட்காரச் சொன்னாள். தபரேஸ் வந்து சுவரோரம் நின்றான்.

"லைசென்ஸ் திரும்ப வந்துடுச்சாமே" என்றார் ஐசக். "நான் ஞாயித்துக்கெழமையில கோயிலுக்குப் போயி வருஷக்கணக்கா ஆவுது. சவாரி ஜாஸ்தி இருக்கறது அன்னிக்குத்தான். லில்லி தனியாவே போய்ட்டு வர்றா. ஞாயித்துக்கெழமை என் வண்டிய நீ ஓட்டறியா? ஓட்டறதுல பாதி உனக்கு. ரிப்பேர் என் பொறுப்பு. மலையில எப்டி எறக்கணும்னு ரெண்டு நாளு கூட உக்காந்து சொல்லித் தர்றேன்."

"எதுக்குண்ணா? பாவம் பாத்தா?"

"கொஞ்சம் அதுவும்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு ஆள் வேணும்."

தபரேஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னிக்கி உங்க மேல கோவத்துலதான் நான் மிதிச்சேன்ணா. நீங்க ஹாரன் அடிக்கலன்னா மெதுவாதான் போயிருப்பேன். அதுவும் என் மனசுல இருக்கு." பிறகு, "யோசிச்சி சொல்றேன்" என்றான்.

அதற்குள் சஹர் டீ கொண்டு வந்து வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு தபரேஸ் ஆம்பூர் பஸ்ஸில் வந்து ஜோலார்பேட்டையில் இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை. அந்த வாரமும் அடுத்த வாரமும் ஐசக் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எந்த வளைவில் எந்த கியர் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த ஞாயிறு சாவியைக் கொடுத்துவிட்டு சர்ச்சுக்குக் கிளம்பினார். ஸ்டாண்டில் இருந்த செந்தில்குமார் மறித்தான். அவனும் மஞ்சள் போர்டுக்காரன்தான்.

"இன்னாண்ணா இது? நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்டவன நீயே கொண்டாந்து நம்ம வரிசையில நிறுத்தற?"

"லைசென்ஸ் இருக்கு. பர்மிட் இருக்கு. வண்டி மஞ்சள் போர்டு" என்றார் ஐசக். "வேற இன்னா வேணும் உனக்கு? அவன் நம்பரு ஆறாவது. அஞ்சு வண்டி போனப்புறம் போவான்."

செந்தில்குமார் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தான். லில்லி ஆட்டோவில் உட்கார்ந்தபடி நேரமாகிறது என்று கைகாட்டினாள். ஐசக் ஓடிப் போய் ஏறிக்கொண்டார். சென்னை வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. தபரேஸ் உள்ளே போய் யாரையும் கூப்பிடவில்லை. வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிசையில் தன் முறைக்காக நின்றிருந்தான்.